மணிக்கட்டா, புறங்கையா

கேப் கோஸ்ட் பட்டணம் இருக்கிற அதே கரையோரத்தில், அசாபோ என்கிற ஊரில், செவ்வாய்க்கிழமை பிறந்த பெண் குழந்தைக்குப் பெயர் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. கிழமைதான் பெயர், செவ்வாய் என்றால் அராபா. ஆகவே அந்த ஊர்க் கடற்கரையில் நின்று "அராபா" என்று ஒரு குரல் கொடுத்தால் மீனுக்குப் புகை போடுகிறவள், வலை காயவைக்கிறவள், கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்கிறவள், அம்மா முதுகில் கட்டுண்டு தூங்குகிறவள் என்று ஒரு படையே திரும்பிப் பார்க்கும். ஒருத்தி மட்டும் திரும்பமாட்டாள். இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு நடையைக் கூட்டுவாள். அவள் பெயர் அராபா எடுவா. இந்த வாழ்க்கை வரலாறு அவளுடையது.

சாப்பாட்டுக்கடைக்காரிக்கு வரலாறு ஒரு கேடா என்று கேட்கிறவர்கள் உண்டு. நாடு முழுக்கக் குழந்தைகள் கையை ஆட்டிப் பாடுகிற பாட்டில் ஒரு மனுஷியின் மூக்கு இடம்பிடித்திருக்கிறதென்றால், அந்த மனுஷிக்கு வரலாறு உண்டு. பாட்டு இது:

அராபா குத்துறா தும் தும்
அராபா பொரட்டுறா தொப் தொப்
அராபா மூக்க சர்ர் சர்ர்
திரும்பப் பொரட்டுறா தொப் தொப்
தின்னது யாரு? ஊரு ஊரு
எப்படி இருக்கு? வழவழ கொழகொழ

முதல் வரிக்கு முஷ்டியின் மேல் முஷ்டி வைத்து உலக்கை போல ஏற்றி இறக்க வேண்டும். இரண்டாவதற்கு உள்ளங்கையால் உரலில் களியைப் புரட்டுவது போல. மூன்றாவதற்கு வலது புறங்கையால் மூக்கின் குறுக்கே ஓர் இழுப்பு. நான்காவதில்தான் பாட்டின் உயிர்நாடி இருக்கிறது: மூக்கை இழுத்த அதே கையைப் பக்கத்துக் குழந்தையின் உள்ளங்கையில் அப்பிப் புரட்ட வேண்டும். பக்கத்துக் குழந்தை "சீ" என்று கத்த வேண்டும். கடைசியில் எல்லாரும் விரலை நக்க வேண்டும். இதைப் பாலர் பள்ளிகளில் தினமும் பாடவைக்கிறார்கள். பாடவைக்கிற ஆசிரியைகள் புன்னகைக்கிறார்கள்.

இப்போது எடுவாவின் குணத்தைச் சொல்லியாக வேண்டும். அசாபோவிலேயே, அந்தக் கரையோரம் மொத்தத்திலேயே, அவளைவிட அருவருப்புக் கூடியவள் பிறக்கவில்லை. அழுக்கு என்றால் அவளுக்கு ஆகாது என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ஊரே அவளுக்கு ஆகாது. விடிந்தால் கடற்கரைக்கு ஆண்கள் குந்துவதற்குப் போவதால் அவள் கடலைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். கோயிலில் எல்லாரும் ஒரே கோப்பையில் வாய்வைத்துத் திராட்சை ரசம் குடிக்கிறார்கள் என்பதால் முதல் வாய் தன்னுடையதாக இருக்கும்படி முதல் பெஞ்சில் இடம் பிடிப்பாள். பாதிரியார் தனக்கு முன்னால் குடிக்கிறார் என்பது ஒருநாள் உறைத்ததும் அதையும் நிறுத்திவிட்டாள். சாவு வீட்டுக்குப் போனால் வலப்பக்கம் தொடங்கி உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருடைய கையையும் குலுக்கிக்கொண்டே வரவேண்டும். எடுவா அதையும் செய்வாள், மரியாதை கெட்டவள் அல்ல. ஆனால் வீட்டுக்கு வந்து எலுமிச்சையும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்க்கிற தேய்ப்பில், செத்தவருக்காக அழுகிறாள் என்று தெருவில் போகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அவள் புருஷன் எக்கோ மீன்பிடிப் படகில் போகிறவன். கரையேறியதும் வாசலுக்கு வெளியே ஒரு குளியல், வாசலுக்கு உள்ளே ஒரு குளியல், படுக்கப் போகுமுன் இன்னொன்று என்று அவனுக்கு விதித்திருந்தாள். "நான் கடல்லயே ஈரம், வீட்லயும் ஈரம். எனக்கு எப்பதான்டி காயும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு அபிஜான் பக்கம் போகிற படகில் ஏறினான். அங்கே ஒருத்தியோடு உலர்ந்த நிலையில் வாழ்வதாகக் கேள்வி. எடுவா அழவில்லை. அவன் படுத்திருந்த பாயைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள்.

இப்படிப்பட்டவள் நடத்திய சாப்பாட்டுக்கடை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வருகிறவன் கை கழுவ இரண்டு கிண்ணம், ஒன்று அழுக்குக்கு, ஒன்று அழுக்கு போன பிறகு. எச்சில் துப்புகிறவனுக்குக் களி கிடையாது. பல்குச்சியை வாயில் வைத்துக்கொண்டே "ஆன்ட்டி, இன்னொரு உருண்டை" என்றவனை அந்தக் குச்சியோடு வெளியே அனுப்பியிருக்கிறாள். மரவள்ளியும் வாழைக்காயும் அவித்துக் கொட்டி, கோபினா எஜிர் என்கிற ஆள் நின்றுகொண்டு நெடிய உலக்கையால் குத்த, எடுவா உரல் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு குத்துக்கும் நடுவில் ஈரக்கையால் களியைப் புரட்டிவிடுவாள். குத்துகிறவனின் வியர்வை உரலில் சொட்டக்கூடாது என்பதற்காக அவன் நெற்றியில் துண்டு, கழுத்தில் துண்டு, இரண்டு முழங்கையிலும் துண்டு. எஜிர் பார்ப்பதற்கு அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் போல நின்று குத்துவான்.

அந்தப் பாட்டு பிறந்தது வடக்கேயிருந்து புழுதிக்காற்று அடிக்கிற ஒரு மாதத்தில். ஊரில் மூக்கு ஒழுகாதவர்கள் செத்தவர்கள் மட்டும்தான். மதிய வேளையில் கடை நிறைய ஆட்கள். அஜோவா என்று ஒரு சிறுமி, ஏழு வயதிருக்கும், வீட்டுக்குக் களி வாங்கப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். அவள் மூக்கிலிருந்து மேலுதடு வரை பச்சையாக இரண்டு கோடு.

"ஏய், நில்லு அங்கயே," என்றாள் எடுவா. "என்னடி அது, செபே, மூக்குக்குக் கீழ ரெண்டு நத்தை ஊருது? வீட்ல தண்ணி இல்லியா? உங்கம்மா கண்ணுல படலியா?"

அசிங்கமான எதைச் சொல்வதற்கு முன்னும் 'செபே' என்று ஒரு மன்னிப்பைப் போட்டுக்கொள்வது அந்தப் பக்கத்து மரியாதை. அதைப் போட்டுவிட்டால் எதையும் சொல்லலாம். எடுவா நாளொன்றுக்கு அந்தச் சொல்லைச் செலவழித்த அளவுக்கு வேறு யாரும் செலவழித்ததில்லை.

கடையே சிரித்தது. அஜோவா போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். வருவதற்குள் காற்று தன் வேலையைக் காட்டிவிட்டது. எடுவா மறுபடி விரட்டினாள். கடை மறுபடி சிரித்தது. இந்த முறை கழுவிக்கொண்டு வந்த சிறுமி ஓரமாக நின்று உரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எடுவாவின் மூக்கு நுனியில் ஓர் ஈ உட்கார்ந்தது.

இதற்கு மேல் நடந்ததில் இரண்டு கட்சி உண்டு. எடுவாவின் கட்சி: குத்துக்குக் குத்து கையைப் புரட்டுகிற வேகத்தில், ஈயை மணிக்கட்டால், ஈரம் படாத மணிக்கட்டின் மேற்புறத்தால், ஒரு தட்டுத் தட்டினாள், அது துடைப்பு அல்ல, விரட்டு. பாட்டின் கட்சி: புறங்கையால் மூக்கை ஓர் இழுப்பு இழுத்து, அதே கையை உரலுக்குள் விட்டாள். மணிக்கட்டுக்கும் புறங்கைக்கும் நடுவே உள்ள நாலு விரல் தூரத்தில் ஒரு பெண்ணின் மானம் மாட்டிக்கொண்டது.

சாயங்காலம் தெருவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எடுவா அகப்பையோடு குழந்தைகளைத் துரத்தினாள். துரத்தியதால் பாட்டு அடுத்த தெருவுக்குப் போயிற்று. மறுவாரம் பள்ளிக்கூடத்துக்கு, அடுத்த அறுவடைக்குள் கேப் கோஸ்டுக்கு, பிறகு வானொலிக்கு. அப்போதிருந்த ஊர்த்தலைவரிடம் எடுவா முறையிட்டாள். அவர் பாட்டை முழுக்கக் கேட்டார், மறுபடி பாடச்சொல்லிக் கேட்டார், தொடையைத் தட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "பாட்டுல எந்த அராபான்னு இல்லியே. நீ ஏன் உன் மூக்கப் புடிச்சுக்கிட்டு வர்ற?"

முதலில் எரிச்சலாக இருந்தாலும், யோசித்தபோது இதில் ஒரு வாசல் திறந்திருப்பது எடுவாவுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் அவள் பதில் அதுதான். "அது நான் இல்ல. ஊர்ல எத்தனை அராபா. அதோட முதல் வரியே பொய்யி. அராபா குத்துறாளாம். நான் என்னிக்குடா குத்துனேன்? நான் பொரட்டுறவ." கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் மூக்கை இழுத்துக் காட்டுவார்கள். இப்படியே நாற்பது வருஷம் போயிற்று. கடையை மூடிவிட்டாள். முடி வெளுத்தது. அருவருப்பு மட்டும் முன்பைவிட நன்றாக விளைந்திருந்தது. செத்த பிறகாவது, தன் பிணத்தின் முன்னால் கைகுலுக்கிக்கொண்டே வரிசையில் போகிறவர்கள் மூக்கை இழுத்துக் காட்டாமல் போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த ஆசை.

அந்த நிலையில்தான் பக்கத்து ஊரான குவாமோனோக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அந்தப் பாட்டு தங்களுடையது என்றும், அந்த மூக்கு தங்கள் ஊர் அராபா ஒருத்தியின் மூக்கு என்றும், தங்கள் திருவிழாவில் அறிவித்துவிட்டார்கள்.

அசாபோ கொதித்தது. சாக்கடை அடைத்துக்கொண்டு கிடந்த ஆறு வருஷத்தில் கூடாத கூட்டம் அன்று தலைவர் முற்றத்தில் கூடியது. "நம்ம சளிய அவனுங்க எப்படி எடுத்துக்கலாம்?" என்று ஒருவர் செபே கூடப் போடாமல் கேட்டார், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைவரை ஊர் 'நானா' என்றுதான் மரியாதையாக அழைக்கும். அவர் யோசித்து முடிவு சொன்னார். தலைவர் நேராக ஊரோடு பேசுவதில்லை. அவர் முணுமுணுப்பதை அபாக்கா என்கிற பேச்சாளர் தங்கப்பூண் போட்ட கோலை ஊன்றிக்கொண்டு உரக்கச் சொல்வார். அபாக்கா சொன்னார்: "பாட்டுல வர்ற அராபா நம்ம ஊர்ல உசிரோட இருந்தா முன்ன வரணும்னு நானா சொல்றார். வர்றவளுக்குத் திருவிழா அன்னிக்கு நானா பக்கத்துல நாற்காலி. ஊர் போடுற நாட்காட்டியில படம்."

நாட்காட்டியில் படம் என்ற சொல்லுக்கு இருந்த வலிமையை யாரும் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் ஊரில் களியில் மூக்கைத் துடைக்காத அராபாவே இல்லை என்றாகிவிட்டது. வாழ்நாள் முழுக்கத் தன் அடுப்படிச் சுத்தத்தைப் பீற்றிக்கொண்டிருந்தவர்கள், தங்கள் அசிங்கத்துக்குச் சாட்சி தேடிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். "உனக்கு ஞாபகம் இல்லியா அக்கா, உன் கல்யாணத்துல நான் மூக்கச் சிந்துனனே" என்று ஒருத்தி கெஞ்ச, "நீ சிந்துனது தங்கச்சி கல்யாணத்துல. என் கல்யாணத்துல சிந்துனது நான்" என்று மற்றவள் கதவைச் சாத்தினாள்.

எடுவா வீட்டுக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டாள். குமட்டிக்கொண்டு வந்தது. கூடவே, நாற்பது வருஷத்தில் முதல் முறையாக, நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சியும் வந்தது. வேறு ஓர் அராபாவை நானாவே அபாக்கா வாயால் அறிவித்துவிட்டால் தன் மூக்குக்கு விடுதலை.

அன்று சாயங்காலமே அவள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வீட்டுக்குப் போனாள். பாட்டின் வரலாற்றை ஆராய நானா அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவி. கண்ணாடி, கொண்டை, கஞ்சிபோட்ட உடை. அஜோவா டீச்சர் என்று ஊர் அழைக்கும். ஏழு வயதில் மூக்கில் இரண்டு கோட்டோடு பாத்திரம் ஏந்தி நின்ற அதே அஜோவா.

"வாங்க ஆன்ட்டி, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

எடுவா தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "பாட்டப் பத்திப் பேச வந்தேன்."

"அது ரொம்பப் பழைய பாட்டு ஆன்ட்டி. நம்ம மூதாதையர் உழைப்போட பெருமைய..."

"மூதாதையரா? அடி, நீ கட்டுன பாட்டுடி அது. பல்லு விழுந்த வாயால என் வாசல்ல நின்னு பாடுன."

அஜோவா டீச்சர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. "ஆன்ட்டி, நான் போன மாசம்தான் கேப் கோஸ்ட்ல பேசுனேன். அந்த மூக்கு இழுக்கறது, செபே, கண்ணீரத் துடைக்கற சைகை, நாளடைவுல கீழ எறங்கிடுச்சுன்னு சொன்னேன். எல்லாரும் எழுதிக்கிட்டாங்க. இப்ப போய் நான் கட்டுனதுன்னா, என் மூஞ்ச எங்க வச்சுக்கறது?"

"அப்ப உனக்கும் நான் வேண்டாம். எனக்கும் நான் வேண்டாம்."

"வேற யாராவது இருந்தா நல்லது," என்றார் டீச்சர் மெதுவாக.

"இருக்கா. க்வான்சிமா."

அராபா க்வான்சிமா மீனுக்குப் புகை போடுகிறவள். எந்நேரமும் புகைக்குள் நிற்பதால் பருவம் பார்க்காமல் மூக்கு ஒழுகும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் கிடையாது. சிரித்துக்கொண்டே துணி முனையில் துடைத்து, அதே துணி முனையால் மீனையும் துடைத்து அடுக்குவாள். எடுவா அவள் வாசல் பக்கம் போவதில்லை. அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு போனாள்.

"என்னக்கா, வழி தவறிட்டியா?"

"நாற்காலி வேணுமா உனக்கு?"

"வேணாமா? நாட்காட்டிய எங்க ஆளோட புது வீட்டுக்காரி சுவத்துல மாட்டுவா பாரு, தெனம் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே அவன் கஞ்சி குடிக்கணும். அதுக்காகவே வேணும். ஆனா எனக்கு அது தெரியாதே. எப்படித் துடைக்கணும், எந்தக் கை?"

எடுவா தொண்டையைச் செருமினாள். "நான் பாத்ததில்ல. அப்படி ஒருத்தி செஞ்சிருந்தா, சோத்துக் கையால செஞ்சிருப்பா. நானா முன்னாடி பீச்சாங்கைய நீட்டிடாத, அபராதமா ஆடு வாங்கிட்டுதான் விடுவாங்க."

"சோத்துக் கையாலயா? ஐயய்ய. ஏங்கா, இவ்ளோ அசிங்கமாவா அவ இருந்திருப்பா?"

எடுவாவின் முகம் சுருங்கிற்று. "நீ கத்துக்க வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?"

"நீதான்க்கா வந்த."

விசாரணை நாள் வந்தது. தலைவர் முற்றத்தில் குடை விரித்து நானா அமர்ந்திருந்தார். நடுவில் உரல். பாட்டு பிறந்த காலத்து ஒரே சாட்சி என்று கோபினா எஜிரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உலக்கையைக் கொடுத்திருந்தார்கள். கண் மங்கிப் போயிருந்தாலும் தோள் இன்னும் மங்கவில்லை. உண்மையான களியே குத்தப்பட வேண்டும், சைகை மட்டும் போதாது என்று நானா சொல்லிவிட்டார். அரண்மனைப் பெண்கள் ஒரு பக்கம் எண்ணெய்ப்பனைப் பழத்தில் சாறெடுத்துச் சூப்புக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எஜிர், உனக்கு அவ மூஞ்சி ஞாபகம் இருக்கா?" என்று அபாக்கா கேட்டார்.

"மூஞ்சியா? உலக்கை போடுறவன் மூஞ்சியப் பாத்தா பொரட்டுறவளுக்கு விரல் மிஞ்சுமா? நான் கையத்தான் பாத்தேன். கையக் காட்டச் சொல்லு, சொல்றேன்."

அபாக்கா கோலைத் தூக்கினார். "செபே, நானா. செபே, பெரியவங்களே. சளி வழக்கு தொடங்குது."

முதலில் வந்த அராபா பாட்டுக் குழுவைச் சேர்ந்தவள். களியை அழகாகப் புரட்டினாள். மூக்குக்கு வந்ததும் நாணம் மேலிட்டுக் கைக்குட்டையை எடுத்தாள். கூட்டம் ஊளையிட்டது. அடுத்தவள் வலக்கையை மூக்கு வரை கொண்டுபோய், நானாவின் முகத்தைப் பார்த்ததும் தைரியம் கெட்டு, பழக்க தோஷத்தில் இடக்கையால் இழுத்துவிட்டாள். தலைவர் முன்னால் பீச்சாங்கை. அவள் வீட்டு ஆட்கள் ஆட்டை ஓட்டிவரக் கிளம்பினார்கள். மூன்றாமவள் எஜிரின் உலக்கை இறங்குவதைப் பார்த்ததுமே எழுந்து, தான் உண்மையில் புதன்கிழமை பிறந்தவள் என்று ஒப்புக்கொண்டாள்.

பிறகு க்வான்சிமா வந்தாள்.

வந்தவள் புகைக்குள்ளிருந்து நேராக வந்திருந்தாள். உட்கார்ந்தாள், கையை நனைத்தாள். தும் என்றது உலக்கை, தொப் என்றது களி. அவள் இயல்பானவள், யாரையும் பார்க்கவில்லை. நாலைந்து புரட்டுக்குப் பிறகு முகத்தை நிமிர்த்தினாள். மூக்கில் ஏற்கெனவே சரக்கு தயாராக இருந்தது. வலது புறங்கையை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். வெயிலில் அது மின்னியது. பிறகு அந்தக் கை அப்படியே உரலுக்குள் போயிற்று.

கூட்டம் ஆர்ப்பரித்தது. நானா முன்னால் சாய்ந்தார். கைதட்டலில் மகிழ்ந்துபோன க்வான்சிமா இன்னொரு முறை செய்தாள். இந்த முறை, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, விரலை மூக்குக்குள் ஓர் உலுக்கு உலுக்கி, உதறிவிட்டு, உரலில் விட்டாள்.

முதல் வரிசையில் எடுவா உட்கார்ந்திருந்தாள். வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். ஜெயித்தாகிவிட்டது, அடக்கிக்கொள், இன்னும் ஒரு நிமிஷம், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எதிரே அஜோவா டீச்சரும் கண்ணாலேயே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அபாக்கா கோலைத் தூக்கினார். "கிடைச்சுட்டா. ஊரே பாத்துக்க. இந்த மாதிரிதான் அந்தக் காலத்துல நம்ம அராபா..."

"நிறுத்துடி அசிங்கம் புடிச்சவளே," என்ற குரல் முற்றத்தைக் கிழித்தது. அது தன்னுடைய குரல் என்று எடுவாவுக்குத் தெரிவதற்குள் அவள் எழுந்து நின்றிருந்தாள். "இந்த மாதிரியா? இந்த மாதிரியா நடந்துச்சு? விரல விட்டு உலுக்குனேனா? உதறுனேனா? ஒரு ஈ. ஒரே ஒரு ஈ. மணிக்கட்டால தட்டுனேன். அதுவும் ஈரம் படாத எடம். அந்த உரல்ல ஒரு சொட்டு விழல. என் கடையில தின்னுட்டு ஒருத்தன் வயித்தப் புடிச்சான்னு சொல்லு பாப்போம்."

சூப்பு கொதிக்கிற சத்தம் கேட்டது. அஜோவா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

நானா எதையோ முணுமுணுத்தார். அபாக்கா கேட்டார்: "உன் கடையா?"

"தெரியும் இந்தக் குரல," என்றான் எஜிர், உலக்கையில் சாய்ந்தபடி. "என் முழங்கையில துண்டு கட்டுன குரல். ஆனா நான் குரலுக்குச் சாட்சி இல்ல. கையக் காட்டச் சொல்லு."

"காட்டறேன்," என்றாள் எடுவா. இனி மறைக்க ஒன்றுமில்லை. இருந்த ஒரே வழி, ஊர் கூடியிருக்கும்போதே உண்மையைக் காட்டிவிடுவது. நாற்பது வருஷப் பழி ஒரு நொடியில் தீரும். "எல்லாரும் நல்லாப் பாருங்க. மணிக்கட்டு."

க்வான்சிமாவைத் தள்ளிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். உரலைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். அந்தக் களியைத் தொடுவதை நினைத்ததுமே விரல்கள் சுருண்டன. ஆனாலும் நனைத்தாள், தொட்டாள். அது வழவழவென்று இருந்தது. எஜிர் உலக்கையைத் தூக்கினான். தும். தொப். தும். தொப். கை தன் பழைய வேலையைத் தானே பிடித்துக்கொண்டது. எஜிர் வேகத்தைக் கூட்டினான். அவள் ஈடுகொடுத்தாள். கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. சூப்புக்கும் களிக்கும் சுற்றிக்கொண்டிருந்த ஈக்களில் ஒன்று, யாரும் அழைக்காமல், வந்து அவள் மூக்கு நுனியில் உட்கார்ந்தது.

அவள் நினைப்பதற்கு நேரமில்லை. இரண்டு குத்துக்கு நடுவே கை மேலே போயிற்று, ஓர் இழுப்பு இழுத்தது, உரலுக்குள் இறங்கிற்று.

புறங்கை.

"அதேதான்," என்றான் எஜிர். "இந்தக் கைதான்."

எடுவா உரலுக்குள் இருந்த தன் கையைப் பார்த்தாள். நாற்பது வருஷமாக எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்த்த கை. அதை அப்படிப் பார்த்தாள், தெருவில் கிடந்ததை யாரோ கொண்டுவந்து தன் தோளில் ஒட்டிவிட்ட மாதிரி. ஊர் ஓவென்று கத்தியது. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுந்து போகாமல், கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டினார். வேறு வழி அவருக்கும் இல்லை. குவாமோனோவின் கதை முடிந்தது என்று அபாக்கா அறிவித்தார். நாற்காலியைக் கொண்டுவந்து நானாவின் குடைக்குள் போட்டார்கள். குழந்தைகள் வரிசைகட்டி, ஒவ்வொன்றும் மூக்கை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, அதே கையால் அவள் கையைக் குலுக்கிவிட்டுப் போயின. அவள் இழுத்துக்கொள்ளவில்லை. எதைக் காப்பாற்ற இழுத்துக்கொள்வது?

பிறகுதான் பெரிய மரியாதை வந்தது. நானா முன்னிலையில் குத்திய களியைக் கொட்டுவது வழக்கமில்லை. முதல் கிண்ணம் மரியாதைக்குரியவருக்கு. பாட்டுக் குழுக்காரியும் ஆட்டுக்குக் கடன்பட்டவளும் க்வான்சிமாவும் எடுவாவும் முறைவைத்துப் புரட்டிய அந்த உருண்டையின் மேல் பனம்பழச் சூப்பை ஊற்றி, ஒரு துண்டு புகைமீனும் வைத்து அபாக்கா இரண்டு கையாலும் நீட்டினார். புகைமீன் க்வான்சிமா வீட்டது.

"நானாவோட களியத் திருப்பக்கூடாது, ஆன்ட்டி," என்று அவர் காதோரம் சொன்னார், தேவையில்லாமல்.

எடுவா சுற்றிலும் பார்த்தாள். ஓடுவதற்கு வழியில்லை, நின்று ஓங்கரிப்பதற்கு இது இடமில்லை. கையைக் கழுவினாள். ஒரு கிண்ணத்தில்தான், இரண்டாவது கிண்ணம் கேட்கவில்லை. விரலால் ஒரு துண்டு கிள்ளினாள். சூப்பில் தோய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இந்தக் களியை மெல்லக்கூடாது, விழுங்கத்தான் வேண்டும். தொண்டை ஒரு கணம் மறுத்தது. பிறகு விட்டுக்கொடுத்தது.

முகத்தில் ஏதோ ஓடிற்று. முதலில் அது வாந்தி என்று எல்லாரும் பயந்தார்கள். நானாவே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அது வாந்தி இல்லை. அதைவிட மோசமான ஒன்று. தன் கடையில், இரண்டு கிண்ணத் தண்ணீரும் நாலு துண்டும் வைத்துக்கொண்டு, அத்தனை வருஷம் குத்தவைத்த களி ஒருநாளும் இந்த மாதிரி நெகிழ்ந்து இறங்கியதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

க்வான்சிமா அருகில் வந்து குனிந்தாள். "எப்படிக்கா?"

எடுவா பதில் சொல்லுமுன் அடுத்த துண்டைக் கிள்ளிவிட்டாள். அருவருப்போடு அதைச் சூப்பில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"சூப்புல உப்பு ஜாஸ்தி," என்றாள்.